பல்லடம் சர்வருக்கு இரண்டாவது அடாப்டர்

மே 5, செவ்வாய்

கத்திரி தொடங்கிவிட்டது. காலையிலேயே சுவர் சுடுகிறது. மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை.

செய்ய வேண்டியவை: பிரஷர் மாத்திரை. கண்ணாடிக்குத் திருகாணி. கரண்ட் பில். பல்லடம்.

கடைசி ஒன்றுதான் உறுத்துகிறது. மகள் பூங்கொடி போன் செய்தாள். "அம்மா, நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொல்லிப்போட்டீங்கன்னா ரெண்டு பேரும் ஒத்துக்குவாங்களாமா." வராவிட்டாலும் நல்லது என்பதும் அதே குரலில் இருந்தது.

எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன். மாப்பிள்ளை செந்திலும் அவர் அண்ணன் பழனிச்சாமியும் தை மாதம் பாகம் பிரித்துக்கொண்டார்கள். (அண்ணனை இனி, பெரியவர் என்பதைச் சுருக்கி, பெ. என்றே எழுதுவேன். முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.) தீவன ஆலை பெ.க்கு. கோழிப் பண்ணைகள் மாப்பிள்ளைக்கு. பிரிக்க முடியாமல் நின்றவை கிணறு, எடைமேடை, சர்வர்.

சர்வர் அவர்கள் அப்பா வாங்கிய யூனிக்ஸ் கம்ப்யூட்டர். எடை, சரக்கு, வண்டி எல்லாக் கணக்கும் அதில்தான். அந்த மென்பொருள் வேறு பெட்டியில் ஓடாது. எழுதிக் கொடுத்தவர் நாட்டிலேயே இல்லை. எனவே கிணற்றுக்குச் செய்ததையே இதற்கும் செய்தார்கள். ஒரு கிணறு, இரண்டு மோட்டார். ஒரு சர்வர், இரண்டு நெட்வொர்க் அடாப்டர், அதாவது ஆபீஸ் ஒயரைச் செருகும் அட்டை. பழையது பெ. ஆபீஸுக்கு. புதிதாக வாங்கிப் பொருத்தியது மாப்பிள்ளை ஆபீஸுக்கு.

பொருத்திய நாளிலிருந்து சாயங்காலமானால் மாப்பிள்ளை பக்கம் லைன் செத்துவிடுகிறது. கோழி ஏற்றிய வண்டி பில் போட முடியாமல் எடைமேடையில் நிற்கிறது. இந்த வெக்கையில் வண்டி நின்றால் கூண்டிலேயே கோழி சாகும்.

மாப்பிள்ளை சொல்வது: அடாப்டரில் கோளாறு இல்லை. பஷீர் பாய் ஒயரைப் பிடுங்குகிறார். அண்ணன் தூண்டுதல்.

பஷீர் பாய் அவர்கள் அப்பா காலத்திலிருந்து அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர். சொந்த இடம் உக்கடம், குடியிருப்பது பல்லடம். அடாப்டர் சரியாகப் பொருத்தியிருக்கிறது என்று பொதுவான ஒருவர் சொல்லிவிட்டால் பாயை அனுப்பிவிடுவது என்று பேசி முடித்திருக்கிறார்கள். அந்தப் பொதுவான ஒருவர் நான். பாலிடெக்னிக்கில் யூனிக்ஸ் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பாவத்துக்கு.

ஆக, நான் "சரி" என்றால் ஒரு மனிதருக்கு வேலை போகும். "சரியில்லை" என்றால் என் மகளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலை எடுக்காமல், போகாதே என்றார். சம்பந்தி வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பண்ணப் போனவர்கள் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பியதாக அவர் ஊரில் கதையாம். செருப்பாவது கிடைக்கிறதே என்றேன்.


மே 6, புதன்

சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். ஜன்னல் கம்பி சுட்டது. பல்லடம் வந்து இறங்கி ஆட்டோ.

முன்பு ஒரே வாசலாக இருந்த ஆபீஸ். நடுவில் இப்போது சுவர், இன்னும் பூசவில்லை. இரண்டு வாசல், இரண்டு பெயர்ப்பலகை. இரண்டும் ஒரே அளவு. யாரோ அடிக்கோல் வைத்து அளந்திருப்பார்கள். சர்வர் அறை மட்டும் பின்னால் பொதுவில். அதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கதவு. இரண்டு பூட்டுக்கும் சாவி பஷீர் பாயிடம்.

மாப்பிள்ளை பக்கம் டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் பெ. பக்கத்திலிருந்து மோர். இதைக் குடித்து அதை விட்டால் தீர்ப்பு சொன்ன மாதிரி. இரண்டையும் குடித்தேன். வயிறு பஸ்ஸில் வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தது.

இந்த மண்ணில் கோபம் வந்தால் பேச்சில் மரியாதை கூடும். பெ. சுவரைப் பார்த்துச் சொன்னது: "டீச்சரம்மா வந்துட்டாங்க, ரொம்பச் சந்தோசமுங்க. அவிய மகளுக்குப் பாதகமா எதும் சொல்லிப்போட மாட்டாங்க, அதும் நல்லதுதானுங்களே." எத்தனை "ங்க". ஒவ்வொன்றும் ஒரு முள்.

சர்வர் அறைக்குள் பாய், அடாப்டர் பொருத்திய கடைக்காரர் கார்த்தி, நான். பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். விசைப்பலகையைக் கொஞ்சம் நகர்த்தித் தரச் சொன்னேன். அசையவில்லை. "என்ற கை படக்கூடாதுங்க. பட்டாப் பொல்லாப்பு." அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

பார்த்தவை:
சர்வர் துவங்கும்போது புது அடாப்டரை அடையாளம் காண்கிறதா? காண்கிறது.
அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஏறியிருக்கிறதா? ஏறியிருக்கிறது.
அடாப்டர் விளக்கு? பச்சை.
நெட்வொர்க் முகவரி எண் கொடுத்திருக்கிறதா? கொடுத்திருக்கிறது.

கார்த்தி, "அவ்ளோதான் மேடம், ஓகே" என்றார். நீங்கள் எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். புது அடாப்டரின் எண்ணுக்குச் சர்வரிலிருந்தே பிங் செய்து, அதாவது இருக்கிறாயா என்று கூப்பிட்டு, காட்டினார். சரசரவென்று பதில் வந்தது.

வராமல் என்ன செய்யும்? சர்வர் தன் எண்ணைத் தானே கூப்பிட்டால் அந்தக் கேள்வி ஒயருக்குப் போவதே இல்லை. உள்ளேயே திரும்பிவிடும். ஒயரைக் கழற்றி வைத்தாலும் பதில் வரும். பொறுமையாகச் சொன்னேன்: நீங்கள் கண்ணாடி முன் நின்று "சாப்பிட்டாயா" என்று கேட்டால் வாய் அசையும். சமையலறையில் சோறு இருக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா?

"க்ளாஸ் எடுக்காதீங்க மேடம். நான் இதே வேலதான் தெனம் பண்றேன்."

மாப்பிள்ளை ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பிங் செய்யச் சொன்னேன். வந்தது. பகலில் குறையே இல்லை.

மாப்பிள்ளை வாசலில் நின்று, "அப்பச் சரின்னு எழுதிக் குடுத்தர்லாங்களா அத்தை" என்றார். பொருத்தியது சரி, வேலை செய்வது சரியா என்று சாயங்காலம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். குழாய் மாட்டியாயிற்று, பிடி திரும்புகிறது. தண்ணீர் வருகிறதா என்று அது நிற்கும் நேரத்தில் அல்லவா பார்க்க வேண்டும்?

அவர் முகம் சுண்டியது. "உங்குளுக்கும் என்ற மேலதான் சந்தேகமுங்களா."

நாளை சாயங்காலம் வருகிறேன் என்று கிளம்பினேன். பூங்கொடி வாசல்வரை வரவில்லை.

கண்ணாடித் திருகாணி வாங்க மறந்துவிட்டேன்.


மே 7, வியாழன்

புழுக்கம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை, இடி மட்டும். இன்று இரவு பூங்கொடி வீட்டில்.

சாயங்காலம் நான் செய்தது ஒன்றுதான். பாயை என் எதிரில் உட்கார வைத்தேன், எடைமேடைக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில். எல்லோரும் பார்க்கிற இடம். வழக்கமாக இந்த நேரத்தில் சர்வர் அறையைப் பூட்டிவிட்டு அந்தி நேர மக்ரிப் தொழுகைக்குப் போவார். லைன் போவதும் அதே நேரம். மாப்பிள்ளையின் சந்தேகத்துக்கு அதுதான் வேர். இன்று ஒரு நாள் சற்றுப் பிந்திப் போங்கள் பாய் என்று கேட்டேன். முறைத்தார். உட்கார்ந்தார். இரண்டு கையாலும் டீத் தம்ளரைப் பிடித்துக்கொண்டார், எல்லோருக்கும் தெரியும்படி.

கோழி வண்டி மேடை ஏறியது. பெ. ஆபீஸைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு. கார் கிளம்பியது.

மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து குரல்: "போச்சு."

பாயின் கையில் தம்ளர். டீ பாதி இருந்தது.

மாப்பிள்ளை வெளியே வந்தார். பாயைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார். "அப்ப அண்ணந்தானுங்க. பாய் இல்லீன்னா அவருதான்." ஒரு மன்னிப்பும் இல்லை. பழி ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது, அவ்வளவுதான். வண்டி டிரைவர் கூண்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். கோழிகளின் வாய் பிளந்திருந்தது.

பெ. என்ன செய்துவிட்டுப் போகிறார் என்று பாயிடம் கேட்டேன். மெயினை அணைத்துவிட்டுப் போவாராம். அவர்கள் அப்பா பழக்கம்; இடிக்குப் பயந்து, கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைக்காமல் பூட்ட மாட்டார். முன்பு ஆபீஸ் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வேலை முடியும், பாதகமில்லை. இப்போது பெ. தன் பங்கு மெயினை மட்டும் அணைக்கிறார். அணைக்க அவருக்கு உரிமை உண்டு. சர்வருக்குத் தனி லைன், தனி பேட்டரி.

அப்படியானால் அண்ணன் ஆபீஸில் கரண்ட் போனால் தம்பிக்கு ஏன் லைன் போகிறது? தனி அடாப்டர், தனி ஒயர்.

சர்வர் முன் உட்கார்ந்தேன். ஒவ்வொரு அடாப்டரும் எத்தனை பாக்கெட், அதாவது தகவல் பொட்டலம், வாங்கியது, எத்தனை அனுப்பியது என்று யூனிக்ஸ் எண்ணி வைத்திருக்கும். அதைக் கேட்டேன். புது அடாப்டர்: வந்தது ஏராளம். அனுப்பியது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இத்தனை நாளாக வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பதில் சொன்னதே இல்லை.

எந்தப் பதில் எந்த அடாப்டர் வழியாகப் போக வேண்டும் என்ற வழிப்பட்டியலைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல். இரண்டு அடாப்டருக்கும் ஒரே வரிசை எண். இரண்டு ஆபீஸின் எண்ணும் 192.168.1 என்றே தொடங்குகிறது. சர்வர் பதில் அனுப்பும்போது ஆளைப் பார்க்காது, எண்ணின் தொடக்கத்தைத்தான் பார்க்கும். இரண்டு வீட்டுக்கும் தெருப்பெயர் ஒன்றே என்றால் தபால்காரர் முதலில் தெரிந்த வாசலில் போடுவார். முதல் வாசல் அண்ணனுடையது.

அங்கே போடும் பதில் தம்பிக்கு எப்படி வந்தது, பகலில்? டார்ச் அடித்துப் பார்த்தேன். பூசாத சுவரின் அடிவரிசைச் செங்கல்லுக்குக் கீழே இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இணைத்து ஒரு பழைய ஒயர், ஆபீஸ் ஒன்றாக இருந்த காலத்தது. கொத்தனார் அதன் மேலேயே சுவரைக் கட்டிவிட்டார்.

ஆக, மாப்பிள்ளை கேட்பது தன் புது வாசல் வழியாக. பதில் வருவது அண்ணன் வீட்டுக்குள் புகுந்து, சுவருக்கு அடியில். அண்ணன் மெயினை அணைத்தால் அங்கிருக்கும் நெட்வொர்க் இணைப்புப் பெட்டி அணைகிறது, பதிலும் அணைகிறது.

யாரும் எதையும் பிடுங்கவில்லை.


மே 8, வெள்ளி

மேகம் கலைந்துவிட்டது. வெயில். மகள் வீட்டில் இட்லி. மாப்பிள்ளை எனக்கு முன்னால் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்.

கார்த்திக்குப் போன் செய்தேன். இரண்டு அடாப்டருக்கும் ஒரே வரிசை எண் ஏன்? முதலில் அப்படி ஒன்றும் பிரச்சினை வராது என்றார். பிறகு, நான் கேட்கும் தோரணை பிடிக்கவில்லை என்றார். நான் போனை வைக்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சு வாய் திறக்கும்வரை சும்மா நிற்பேன். அதேபோல நின்றேன்.

"உங்க மாப்பிள்ளையத்தான் கேக்கோணும் மேடம். 192.168க்கு அப்புறம் அண்ணனுக்கு 1, உங்களுக்கு 2ன்னு நான் மொதல்லயே சொன்னேனுங்க. 'நாங்க என்ன ரெண்டாந்தரமா'ன்னு கேட்டாரு. 'பாகம் சரிபாதி, அவுருக்கு என்னவோ எங்களுக்கும் அதே'ன்னு சொல்லிப்போட்டாரு. நான் போட்டுக் குடுத்துட்டனுங்க."

பெயர்ப்பலகையை அடிக்கோல் வைத்து அளந்தவர்கள். இதையும் அளந்துவிட்டார்கள்.

சமையலறையில் பூங்கொடியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். அதைச் சொல்லாதீர்கள் என்றாள். அடாப்டரில் ஏதோ கோளாறு, மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடச் சொன்னாள். பழி கார்த்தி தலையில் விழுந்தால் விழட்டும். அண்ணன் முன்னால் இவர் பேச்சால் வந்த வினை என்று தெரிந்தால் வீட்டில் இருக்கவே முடியாதாம்.

"கார்த்தி ஒத்துக்குவானா கண்ணு?"

"ஒத்துக்க மாட்டான். ஆனா பாய் மேல போட்டா யாரும் கேக்க மாட்டாங்கம்மா. இதுவரைக்கும் கேட்டாங்களா?"

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். என் வயிற்றில் பிறந்தவள். அவள் அப்படிச் சொன்னாள் என்பதைவிட, அது உண்மை என்பது சுட்டது.

மத்தியானம் தூக்கம் இல்லை.


மே 9, சனி

சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை ஆபீஸில், கதவைச் சாத்திக்கொண்டு, அவரிடம் மட்டும். தபால்காரர் உதாரணத்தோடு. பேப்பரில் இரண்டு வாசல் போட்டுக் காட்டினேன். அவர் பேப்பரைப் பார்க்கவில்லை. மேசை மேல் கோழித் தடுப்பூசி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ற சோறு அண்ணன் ஊட்டு வழியாத்தான் வருதுங்களா."

பதில் மட்டும் என்றேன்.

"ஒன்னுதானுங்க."

எண்ணை 2 என்று மாற்றினால் ஒரு நாள் வேலை என்றேன். எழுந்தார். மரியாதைக்குக் குறைவில்லை, கதவைத் திறந்து பிடித்தார். "நீங்க அத்தையா வந்துருந்தா சேர் போட்டு உக்கார வெச்சுருப்பனுங்க. பஞ்சாயத்துக்கு வந்தீங்க. என்னைய ரெண்டுன்னு சொல்லிப்போட்டீங்க. போயிட்டு வாங்க." திங்கட்கிழமை பாய் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்களாம். ஒயரை அவர் பிடுங்கவில்லை என்று நேரிலேயே பார்த்தீர்களே என்றேன். அன்றைக்குப் பிடுங்கவில்லை, மற்ற நாள் யார் கண்டது என்றார்.

படித்தவர். பி.காம். என் மகள் புருஷன். அந்த நிமிடம் அவர் என் வகுப்பில் இருந்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் பாய். உங்கள் மேல் தப்பில்லை என்று நிரூபணமாகிவிட்டது என்று ஆறுதலாக ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினார்.

"எனக்காகப் பேசுங்கன்னு நான் கேட்டனுங்களா டீச்சர்? வியாழக்கெழம என்னைய மரத்தடில, எல்லாரும் பாக்க, கையப் புடிச்சாப்புல உக்கார வெச்சீங்க. திருடன உக்கார வெக்கறாப்புல. தொழுகைக்குப் பிந்திப் போனேன். நீங்க நல்லவங்கதானுங்க. ஆனா நீங்களும் சோதிச்சுத்தான் பாத்தீங்க."

அதைச் சோதனை என்றே நினைக்கவில்லை நான். சாட்சி என்று நினைத்தேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.


மே 10, ஞாயிறு

கோவை. வெயில். கால் வீக்கம். கறி எடுக்கவில்லை. வீட்டுக்காரர் என் செருப்பை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

பெ. போன். யார் சொன்னார்களோ, எல்லாம் தெரிந்திருக்கிறது. தம்பி தன் வீட்டு வழியாகத்தான் இத்தனை நாள் பதில் வாங்கினான் என்பதில் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "நான் ஒன்னும் சொல்லலீங்க டீச்சரம்மா. அவன் 2ன்னு மாத்திக்கட்டும். 1 எங்கய்யன் வெச்ச நம்பருங்க, அது என்றகிட்டத்தான் இருக்கோணும்." பாயை நாளை அனுப்புவதைத் தடுங்கள் என்றேன். அது இரண்டு பேர் சம்மதத்தில் முடிந்த பேச்சாம். ஒரு பேச்சை மீறினால் மற்றப் பேச்சும் ஆடுமாம்.

ஆக, அவருக்கும் பாய் ஒரு பொருட்டில்லை. பாகப்பிரிவினையில் மீந்த சாமான்.

துணி மடித்துக்கொண்டே யோசித்தேன். ஒரே பெஞ்சில் இடத்துக்கு அடித்துக்கொள்ளும் இருவரை என்ன செய்வேன்? ஒருவனை மட்டும் எழுப்பினால் தோற்றவன் ஆவான். இருவரையும் எழுப்பி வேறு வேறு பெஞ்சில் போடுவேன்.

1 யாருக்கும் வேண்டாம். 2 யாருக்கும் வேண்டாம். பெ.க்கு 10. மாப்பிள்ளைக்கு 20.

சிறிய எண் முதலில் வரும். பெரிய எண் அதிகம். யாருக்கு எது இனிக்குமோ அதை மட்டும் சொன்னால் போதும். ஆசிரியைக்கு அழகில்லை. தெரிந்தே எழுதுகிறேன்.

கண்ணாடித் திருகாணி வாங்கியாயிற்று. அளவு தப்பு.


மே 11, திங்கள்

முதல் பஸ். பாய் கணக்கை முடிப்பதற்குள் போய்விட வேண்டும் என்று.

முதலில் பெ. அவர் எண்ணை மாற்ற வேண்டும் என்றதும் மோர் வரவில்லை. சர்வர் எண்களைச் சிறியதிலிருந்து வரிசையாகத்தான் காட்டும், 10 எப்போதும் 20க்கு முன்னால் நிற்கும் என்றேன். யோசித்தார். "முன்னால நாங்க நிக்கறாப்புலங்களா." ஆமாம் என்றேன். பொய்யில்லை. மோர் வந்தது.

பிறகு மாப்பிள்ளை. உட்காரச் சொல்லவில்லை. நின்றே சொன்னேன். அண்ணன் 1ஐ விட்டுக்கொடுக்கிறார் என்றதும் தலை நிமிர்ந்தார். அவருக்கு 10, உங்களுக்கு 20 என்றேன்.

"அவருக்குப் பத்துத்தானுங்களா?"

பத்துதான்.

"ரெண்டு மடங்கு." இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. காலண்டரிடம் சொன்னார்.

ஒரு நிபந்தனை வைத்தேன். இரண்டு பேரிடமும் ஒரே சொல்லாக: நாளை சாயங்காலம் சோதித்துப் பார்க்கிறவரை பாய் போகக்கூடாது, சோதனையில் லைன் நின்றால் என்னைக் கேளுங்கள், நிற்காவிட்டால் பாயை அனுப்பும் பேச்சு அதோடு முடிந்தது. இருவரும் ஒப்புக்கொண்டார்கள். தனித்தனியாக, ஒருவர் ஒப்புக்கொண்டது மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று சொல்லி.

எண் மாற்றும் வேலை கார்த்தி. முறைத்துக்கொண்டே செய்தார், ஆனால் சுத்தமாகச் செய்தார். எல்லாக் கம்ப்யூட்டரும், பிரிண்டரும், எடைமேடைப் பெட்டியும்.

பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் யாரிடமும் பேசவில்லை. இரவு பூங்கொடி வீட்டில். அவளும்தான்.


மே 12, செவ்வாய்

காலையில் சுவருக்கு அடியில் இருந்த பழைய ஒயரை எடுத்தார்கள். ஒருபக்கம் பெ. இழுக்க, மறுபக்கம் மாப்பிள்ளை வெட்டினார். தை மாதத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒன்றாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

சாயங்காலம். காற்று இல்லை. மேடையில் கோழி வண்டி. சர்வர் அறையில் இரண்டு கதவும் திறந்து, அந்தக் கதவில் பெ., இந்தக் கதவில் மாப்பிள்ளை. நடுவில் நான், கார்த்தி, சுவரோரம் பாய்.

மெயினை அணைத்துப் பார்த்தோம். லைன் நின்றது, நிற்க வேண்டிய விதத்தில்: பெ. பக்கம் மட்டும். மாப்பிள்ளை பக்கம் பில் ஓடியது. புது அடாப்டர் அனுப்பிய கணக்கு ஏறிக்கொண்டே போனது. நான் விரல் வைத்துக் காட்டினேன்.

மாப்பிள்ளைக்குப் போதவில்லை. மெயின் வேறு, ஒயர் வேறு என்றார். அண்ணன் ஒயரைச் சர்வரிலிருந்தே கழற்றிப் பார்த்தால்தான் நம்புவாராம். நியாயமான சோதனைதான். மெயினை மறுபடி போட்டார்கள்.

பெ. பழக்கத்தில், "பாய், அந்த ஒயரப் புடுங்குங்க" என்றார்.

பாய் அசையவில்லை.

"இல்லீங்க. நான் புடுங்கறேன் புடுங்கறேன்னு இத்தன நாளாச் சொன்னாங்க. ஒருக்காக்கூடப் புடுங்குனதில்லீங்க. இன்னைக்கும் மாட்டேனுங்க. சின்னவரே புடுங்கட்டுங்க. எப்பிடிப் புடுங்கறதுன்னு அவருக்கும் தெரியோணுமுங்களே."

கார்த்தி குனியப் போனார். நான் தோளில் கை வைத்து நிறுத்தினேன்.

சர்வரின் முதுகுப்பக்கம் சுவரை ஒட்டி இருக்கிறது. கை எட்ட வேண்டுமானால் மேசைக்கு அடியில் முழங்காலிட்டுப் போக வேண்டும். வெள்ளை வேட்டி. மாப்பிள்ளை அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாயைப் பார்க்கவில்லை. மடித்துக் கட்டினார். உள்ளே போனார். ஒட்டடை, எலிப்புழுக்கை, தூசி. எந்த ஒயர் என்று தெரியாமல் தடவினார். "மேல இருக்கறதுங்க," என்றார் பாய், மரியாதையாக, "அது உங்குளுது. கீழ இருக்கறது அண்ணனுது."

கழன்றது. மாப்பிள்ளை பக்கக் கதவுக்கு வெளியே பிரிண்டர் ஓடும் சத்தம். பில் வந்தது. வண்டி மேடையிலிருந்து இறங்கியது.

அடாப்டர் சரியாக வேலை செய்கிறது என்றேன். அதைச் சொல்லத்தானே கூப்பிட்டார்கள்.

மாப்பிள்ளை வெளியே வந்தார். முழங்காலில் இரண்டு கறுப்பு வட்டம். பூங்கொடி வாசலில் நின்றாள். தட்டிவிட ஒரு கை நீட்டி மடக்கிக்கொண்டாள்.

பாய் பையிலிருந்து சாவிகளை எடுத்தார். ஒன்றைப் பெ. கையிலும் ஒன்றை மாப்பிள்ளை கையிலும் வைத்தார். "நாளைக்கு வேலைக்கு வருவேனுங்க. சாவி மட்டும் இனி என்றகிட்ட வேண்டாமுங்க."

தொழுகைக்கு நேரமாகியிருந்தது. என்னைத் தாண்டிப் போனார், தலையசைக்கவில்லை.

அண்ணன் கையில் ஒரு சாவி, தம்பி கையில் ஒரு சாவி. இரண்டு கதவும் திறந்து கிடந்தன. மற்றவர் பூட்டாமல் தான் பூட்டிவிட்டுப் போக இருவருக்கும் மனமில்லை. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.